மூன்றாம் கல் வளைவு

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நான் சைக்கிள் கடைக்காரன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இறக்கும்வரை கையில் கிரீஸ்தான். கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. நடந்தது என் அண்ணிக்கும் அவர் மகளுக்கும். அன்று சாயங்காலமே அண்ணி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். மணி, நிமிஷம் உட்பட. ஹேண்டில்பாரில் நான் மாட்டிக்கொடுத்த மீட்டரில் நேரம் பெரிதாகத் தெரியும். பயந்தவர்கள் எதையாவது வெறித்துக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, அண்ணி அதை வெறித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடந்தது இல்லை. பட்டப்பகல். சுள்ளென்று வெயில்.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரல்தான். என் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பத்து மாடிக் குழிக்குள் பயமில்லாமல் இறங்குகிற மனிதர், அண்ணியின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் டீ கிளாசைக் கீழே வைத்துவிடுவார். "உங்க அண்ணன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். அவர்கள் மகளுக்குப் பதினொரு வயது. ஒல்லிக்குச்சி. வீட்டில் அவளுக்குப் பெயரே சுண்டுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெயின் ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் சுண்டுவை இடித்துவிட்டுப் போனான். மணிக்கட்டு உடைந்தது. அந்த எக்ஸ்ரேயை அண்ணியே எடுத்தார். எடுத்து முடிக்கும்வரை கை நடுங்காமல் இருந்தவர், படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். "இனிமே இவ மேல ஒரு கீறல் விழுந்தாலும் ரெண்டு சைக்கிளையும் தூக்கிப் போட்டுடுவேன். ஆமா." சுண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். சைக்கிள் என்றால் அவளுக்கு உயிர். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வண்டி ஓடாத பாதையில் மட்டும் ஓட்டலாம். அம்மா கூடவே போகணும்.

அம்மாவும் சும்மா கூடப் போகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே சைக்கிள் குழுவில் ஓட்டியவர். குழுவாக ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைசியில் வருகிறவர் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் "வண்டி!" என்று குரல் கொடுப்பார். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் ஒதுங்கி, "சரி!" என்று பதில் சொல்வார்கள். திரும்பவே கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் சைக்கிள் வண்டிக்குக் குறுக்கே போய்விடும்.

மணிக்கட்டு உடைந்த பிறகு அண்ணி இதை இன்னும் கடுமையாக்கினார். "வண்டி!" என்று கேட்டால் சுண்டு ஓரத்துக்குப் போய் நின்றே ஆகணும். ஒரு கால் தரையில். "சரிம்மா!" என்று சொல்லணும். அம்மா "போ" என்று சொல்லும்வரை தலை திரும்பக் கூடாது. குடியிருப்பின் பார்க்கிங்கில் தினமும் பயிற்சி. ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் வேடிக்கைக்காக அண்ணி "வண்டி!" என்று கத்த, சுண்டு தள்ளுவண்டியோடு இடது பக்கம் ஒதுங்கி பிஸ்கட் அடுக்கை ஒட்டி நின்றுவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதையைச் சொன்னது நான்தான். அதை இன்றைக்கும் மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் இலவசமாகக் கொடுப்பார்கள். அந்த மலைப்பக்கத்தில் வண்டி ஓடாத சைக்கிள் பாதைகள் பன்னிரண்டு, வரைபடத்தோடு. ஏழாவது பாதை, மேலே இடிந்த கோட்டையில் தொடங்கி, கீழே ஆற்றுப் பாலத்தில் முடியும். ஒன்பது கிலோமீட்டர். முழுக்க இறக்கம். ராஜா காலத்துப் படைகள் போன சாலையாம். வழியெல்லாம் பழைய காவல் மேடை, கல் மண்டபம். இரண்டு முனையிலும் இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள், சைக்கிள் மட்டும்தான் நுழையும். "கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்கண்ணே" என்று அண்ணனிடம் நானே சொன்னேன்.

காலை 10:20க்கு அண்ணன் இருவரையும் கோட்டை வாசலில் இறக்கிவிட்டார். அவர் காரில் மலையைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழ்ப் பாலத்தில் காத்திருக்க வேண்டும். "பதினொண்ணரைக்குள்ள வந்துடணும்" என்றார்.

"பதினொண்ணேகாலுக்கே வந்துடுவோம். நீங்க தூங்கிடாம இருங்க" என்றார் அண்ணி.

சுண்டு முன்னால், அண்ணி பின்னால். சாலையோரத்தில் தூரம் காட்டும் பழைய கற்கள் இருந்தன. ஒன்பது, எட்டு, ஏழு என்று பாலத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு கல்லையும் சுண்டு சத்தமாகப் படித்தாள். ஆறாம் கல்லில் நின்று தண்ணீர் குடித்தார்கள். கீழே வயல், ஆறு, தூரத்தில் பாலம் எல்லாம் தெரிந்தன. "அம்மா, இனி வாராவாரம் இங்கதான்" என்றாள் சுண்டு. அண்ணிக்கு மனசு நிறைந்துபோனது. வண்டி பயம் இல்லாமல் மகளை ஓட்டவிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

10:47. நான்காம் கல். அதைத் தாண்டியதும் சாலை பாறைக்குள் இறங்கியது. மலையை வெட்டிப் போட்ட பகுதி அது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேலாகக் கல் சுவர். இரண்டு கார் நெருக்கியடித்துப் போகிற அகலம்தான். மேலே ஒரு துண்டு வானம். உள்ளே நுழைந்ததுமே காற்று நின்றுவிட்டது.

10:52. மூன்றாம் கல். சுண்டு "மூணு!" என்றாள். கல்லுக்கு முப்பது நாற்பது அடி தள்ளி இடது பக்கம் ஒரு வளைவு. வளைவின் இடது சுவரில் நீளமாக ஒரு கீறல், சுண்டுவின் தோள் உயரத்தில், கல்லையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. கீறலுக்குள் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எப்போதோ ஏதோ லாரி உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் அண்ணி.

அப்போது...

"வண்டி!"

பெண் குரல். தெளிவாக. பின்னாலிருந்து.

சுண்டு சட்டென்று இடது பக்கம் போய் நின்றாள். ஒரு கால் தரையில். "சரிம்மா!"

அண்ணியும் ஒதுங்கிவிட்டார். பத்துப் பதினைந்து வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்துவிட்டது. நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கடைசியில் வருவது நான். குரல் கொடுக்க வேண்டியவளும் நான். எனக்குப் பின்னால் யார்?

திரும்பிப் பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது. வெயில், கல், அவ்வளவுதான்.

"போயிடுச்சாம்மா?" என்றாள் சுண்டு. திரும்பாமல்தான் கேட்டாள்.

"எது?"

"வண்டி. நீதானே சொன்ன?"

அண்ணி ஒரு வினாடி யோசித்தார். குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். "ம்... போயிடுச்சு. போ" என்றார்.

அதுதான் அவர் சொன்ன முதல் பொய்.

வளைவைத் தாண்டினார்கள். நேராக ஒரு கிலோமீட்டர் இறக்கம். மீட்டர் ஒழுங்காக ஓடியது. அடுத்த கல் தெரிந்தது.

"மூணு!" என்றாள் சுண்டு. பிறகு, "அம்மா, மறுபடியும் மூணு போட்டிருக்கு" என்று சிரித்தாள்.

பழைய கல்தானே, யாரோ தப்பாகச் செதுக்கியிருப்பார்கள் என்று அண்ணி தன்னையே தேற்றிக்கொண்டார். ஆனால் கல்லுக்கு அப்பால் அதே இடது வளைவு. அதே கீறல். அதே பச்சை.

11:06.

"வண்டி! ஒதுங்கு!"

இந்த முறை கொஞ்சம் பக்கத்தில். குரலில் அவசரம். அதற்குப் பின்னால், தூரத்தில், மேட்டில் ஏதோ ஒரு எஞ்சின் சத்தம்.

சுண்டு நின்றாள். "சரிம்மா!"

அண்ணி கீறலைப் பார்த்தார். போன முறை சுண்டு நின்ற இடத்திலிருந்து அது இருபது அடி. இப்போது பத்து அடி. எஞ்சின் சத்தம் நின்றது. எதுவும் கடந்து போகவில்லை.

"அம்மா, உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி பிடிச்சிருக்கு. இறங்கு. நாம திரும்பி மேல போயிடலாம்."

"அப்பா கீழ நிக்கிறாரே!"

"சொன்னாக் கேளு."

சொன்னால் கேட்கிற பிள்ளை. இறங்கினாள். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே ஏறினார்கள். நான்காம் கல் வர வேண்டும். பாறைப் பகுதி முடிந்து வயல் தெரிய வேண்டும். அண்ணி அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். இரண்டாயிரத்து நூறு அடி வைத்த பிறகு ஒரு கல் தெரிந்தது.

11:41. மூன்றாம் கல்.

இந்தத் தடவை சுண்டு சிரிக்கவில்லை. படிக்கவும் இல்லை.

அண்ணி போனை எடுத்தார். டவர் இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். பிடிமானம் இல்லாத வழுவழுப்பு. சுண்டுவைத் தோளில் ஏற்றி நிற்க வைத்தார். அவள் கையை நீட்டியும் சுவரின் விளிம்பு இன்னும் மூன்று அடி மேலே இருந்தது. இறக்கிவிட்டபோது சுண்டுவின் முழங்கால் கல்லில் உரசி லேசாக ரத்தம் வந்தது. "அப்பாகிட்ட சொல்லாதம்மா, சைக்கிளைத் தூக்கிப் போட்டுடுவாரு" என்று அழ ஆரம்பித்தாள். அண்ணி அவள் முழங்காலைத் துடைத்துவிட்டார். இந்தப் பிள்ளை இன்னும் சைக்கிளுக்காக அழுதுகொண்டிருக்கிறது!

"சரி, மெதுவா கீழயே போலாம். நான் சொல்ற வரைக்கும் நிக்காத" என்றார்.

11:44.

ஏறி நாலு மிதி மிதித்திருப்பாள்.

"வண்டி! ஒதுங்கு கண்ணு, ஒதுங்கு!"

அண்ணியின் முதுகுக்குப் பின்னால். கையை நீட்டினால் தொடலாம்.

சுண்டு ஒதுங்கினாள். கால் தானாகத் தரையில் ஊன்றியது. "சரிம்மா!"

முன்னால், வளைவுக்குள்ளிருந்து...

"சரிம்மா!"

இன்னொரு குரல். சுண்டுவை விடச் சின்னக் குரல்.

எதிரொலி இல்லை. எதிரொலி என்றால் சுண்டுவின் குரலில் வர வேண்டும். இது வேறு பிள்ளை.

"அம்மா... யாரும்மா அங்க?" சுண்டு கிசுகிசுத்தாள். இப்போதும் தலையைத் திருப்பவில்லை. அப்படிப் பழக்கி வைத்திருந்தார் அண்ணி.

சுண்டுவின் முன்சக்கரத்துக்கும் கீறலுக்கும் நடுவே இப்போது மூன்றடிதான் இருந்தது.

மேலே எஞ்சின் சத்தம். முன்னைவிடக் கிட்டத்தில். கியர் மாற்றுகிற கரகரப்பு கேட்டது. பிறகு நின்றது.

அண்ணிக்குப் புரிந்துபோனது. ஒதுங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சாலை அவர்களைத் திரும்ப மூன்றாம் கல்லுக்கே கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் சுண்டு கீறலுக்குக் கிட்டே போகிறாள். வண்டியும் கிட்டே வருகிறது. அடுத்த முறை நின்றால், மிகச் சரியாகக் கீறல் மேலேயே நிற்பாள்.

அண்ணி மகளை இழுத்து வலது பக்கச் சுவரோடு உட்கார வைத்தார். ஓட்டவே வேண்டாம். அசையவே வேண்டாம். நேரமாகிவிட்டது, அண்ணன் தேடிக்கொண்டு வருவார். வந்துதானே ஆகணும்? இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் தீர்ந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. ஒரு எறும்புகூடத் தரையில் இல்லை என்றார் அண்ணி.

12:38.

செருப்புச் சத்தம். கீழேயிருந்து. தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடை. அண்ணனின் நடை!

"சுண்டூ... ஏய், எங்க இருக்கீங்க?"

அண்ணனேதான். சுண்டு துள்ளி எழுந்தாள். "அப்பா! இங்க! இங்கப்பா!"

செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. அவர்களுக்கு எதிரிலேயே நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது.

யாருமே இல்லை.

"சுண்டூ..." காதுக்குப் பக்கத்தில் அண்ணனின் குரல் உடைந்தது.

"அப்பா! இங்கதாம்ப்பா இருக்கோம்!" சுண்டு காற்றைத் துழாவினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"என்னங்க! என்னங்க!" என்று அண்ணி தொண்டை கிழியக் கத்தினார்.

செருப்புச் சத்தம் மேல்நோக்கி நகர்ந்தது. தேய்த்துத் தேய்த்து... தேய்த்து...

போய்விட்டது.

யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை. அப்போதுதான் அண்ணிக்கு அது உறுதியானது.

மேல் வளைவுக்குப் பின்னால் எஞ்சின் உறுமத் தொடங்கியது. இந்த முறை நிற்கவில்லை. அங்கேயே... உறுமிக்கொண்டே... இருந்தது.

அண்ணி மகளின் முகத்தைப் பிடித்தார். "சுண்டு. இனிமே யார் 'வண்டி'ன்னு சொன்னாலும் ஒதுங்காத. நிக்காத. மிதிச்சுக்கிட்டே இரு."

"நீ சொன்னா?"

"நான் சொன்னாலும்."

"நிஜமாவே வண்டி வந்தா?"

நிஜமாகவே வந்தால்? அந்தச் சத்தம் நிஜமாக இருந்தால்? நடு ரோட்டில் மகளை ஓட்டச் சொல்லிவிட்டு...

"அம்மா பக்கத்துலயே வரேன்" என்றார். அது மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

பின்னால் வருவதுதான் அவர் வழக்கம். ஜோடியாக ஓட்டவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்கு மகளுக்கு இடது பக்கம், சுவரை ஒட்டி, தன் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினார். சுண்டு நடு ரோட்டில். வலது கையை அவள் முதுகில் வைத்தார்.

1:10.

"மிதி!"

கல்லைத் தாண்டினார்கள்.

எஞ்சின் கிளம்பியது.

"வண்டி!"

சுண்டுவின் முதுகு விறைத்தது. அண்ணியின் உள்ளங்கையில் அது தெரிந்தது.

"மிதி!"

"வண்டி! ஒதுங்கு கண்ணு! இடது பக்கம்! நில்லு!"

அழுகிற குரல் அது. எந்தத் தாயின் வாயிலிருந்தும் வரக்கூடிய குரல். சுண்டுவின் ஹேண்டில் இடது பக்கம் திரும்பியது. அவள் திருப்பவில்லை. அவளுக்குள் ஊறிய பழக்கம் திருப்பியது.

அண்ணி முழங்கையால் அவளைத் தள்ளினார். வலதுக்கு. தன் தோள் சுவரில் உரசியது. ஜாக்கெட் கிழிந்தது. தோல் கிழிந்தது.

ஹாரன். விடாமல். ஒரே ஹாரன்.

கீறல் வந்தது.

"சரிம்மா!"

கீறலுக்குள்ளிருந்து. அண்ணியின் காதோரம்.

"நிக்காத!"

முதுகில் அனல். டீசல் வாடை. கல்லில் இரும்பு தேய்கிற சத்தம்... கிறீச்ச்ச்...

பிறகு ஒன்றுமே இல்லை.

காற்று வீசியது. முகத்தில் பட்டது. எங்கோ ஒரு குருவி கத்தியது. இருவரும் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை.

இரண்டாம் கல்.

அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் கீழே இறங்கி நடந்துகொண்டிருந்தார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து. சைக்கிள் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். என் அண்ணன். மணி 1:17.

அண்ணன் முகத்தில் சந்தோஷம் வரவில்லையாம். பயம்தான் வந்ததாம். "எங்கேர்ந்து வரீங்க?" என்றார். "நான் நாலாம் கல் வரைக்கும் போயிட்டு இப்பத்தானே இறங்குறேன்... மூணாம் கல்லுல நின்னு கத்துனேனே... அங்க யாருமே இல்லையே..."

வண்டி எதுவும் வந்ததா என்று அண்ணி கேட்டார். வரவில்லை. ஹாரன்? கேட்கவில்லை. அண்ணியின் தோளில் ரத்தம், சுண்டுவின் முழங்காலில் ரத்தம். ஒரு கீறல் விழுந்தால் சைக்கிளைத் தூக்கிப் போடுவேன் என்ற மனிதர், இரண்டு சைக்கிளையும் தானே தள்ளிக்கொண்டு நடந்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அனுப்பியவன் நான் அல்லவா? மூன்றாம் நாள் சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அந்த இரும்புத் தூண்களை நட்ட மேஸ்திரி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஏழாவது பாதை என்றதும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"அது முன்னாடி வண்டி ஓடுன ரோடுதான் தம்பி. பத்து வருஷம் ஆச்சு. ஒரு பச்சை வேன், மேலேர்ந்து இறங்கும்போது பிரேக் போயிடுச்சு. மலையில ஓட்டுறவன் என்ன பண்ணுவான்? இடது சுவத்துல உரசி உரசித்தான் நிறுத்தப் பார்ப்பான். அப்ப ஒரு அம்மாவும் பொண்ணும் சைக்கிள்ல முன்னால போயிட்டு இருந்தாங்க. சின்னப் பொண்ணு, எட்டு வயசு. அந்தம்மா பின்னாலேர்ந்து சத்தம் கொடுத்திருக்காங்க. பொண்ணு ஓரமா ஒதுங்கி நின்னிருக்கு. சுவத்தை ஒட்டி..."

மிதித்த பீடியை அவர் காலால் ஓரமாகத் தள்ளினார். "நிக்காம நடு ரோட்டுலயே போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அதுக்கப்புறம்தான் வண்டியையே நிறுத்துனாங்க. சைக்கிள் பாதை ஆக்குனாங்க."

"அந்தம்மாவும் அன்னைக்கே...?" என்று இழுத்தேன். ஆவி என்றால் செத்தவர்கள்தானே? அப்படித்தான் நான் நினைத்தேன்.

மேஸ்திரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவங்களுக்கு என்ன? உயிரோடதான் இருக்காங்க. பாலத்துப் பக்கம் சலவைக்கடையில வேலை பார்க்குறாங்க. பேச்சுதான் போயிடுச்சு. அன்னைக்குக் கத்துனதுதான். டாக்டருங்க தொண்டையில ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. பத்து வருஷமா ஒரு முனகல்கூடக் கிடையாது."

அண்ணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டதும் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார். "வண்டியை எடுங்க தம்பி" என்றார். நான்தான் கூட்டிப் போனேன்.

சலவைக்கடையின் பின்பக்கம் அந்த அம்மா போர்வை மடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலை, சுத்தமான கை. மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அண்ணி எதிரில் போய் நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஞாயித்துக்கிழமை நானும் என் பொண்ணும் சைக்கிள்ல வந்தோம். கோட்டையிலேர்ந்து" என்றார்.

அந்த அம்மாவின் கை நின்றது. மேஜையிலிருந்து ஒரு சலவைச் சீட்டை எடுத்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதி நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"கூப்பிட்டேனா?"

அண்ணி தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அந்த அம்மா அழவில்லை. மறுபடி எழுதினார். பென்சில் சீட்டைக் கிழித்துவிடும்போல அழுந்தியது.

"உங்க பொண்ணு நின்னுட்டாளா?"

"இல்ல. நிக்கலை. வந்துட்டா. வீட்டுல இருக்கா."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை நீளமாக விட்டார். பிறகு சீட்டில் மிச்சமிருந்த இடத்தில், சின்ன எழுத்தில், நிதானமாக எழுதி எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, போர்வையை மடிக்கத் தொடங்கினார்.

"என் பொண்ணு அன்னைக்கு நின்னுட்டா. நான் சொன்னா அப்படியே கேப்பா."